கேரியருக்கு முன்னால் நடப்பவர்

கட்லர்ஸ் டைக், நார்ஃபோக்
3 மே 1996

ஜோசலினுக்கு,

நாலு வருடம் கழித்து எழுதும் முதல் கடிதத்திலேயே கையெழுத்துக் கேட்கிறேன். தொலைபேசியில் கேட்கலாம்தான். நீ "ம்" என்பாய். உன் "ம்" சம்மதமா மறுப்பா என்பது பதினெட்டு வருடக் குடித்தனத்திலேயே எனக்குப் பிடிபடவில்லை.

நம் பழைய ராணுவ வண்டி, கேரியர், ஓடுகிறது. இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டியாயிற்று. ஒன்பது வருடத் துருவில் பாதி நீ சுரண்டியது. அதனால் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். பக்கத்துக் கொட்டகை ஸ்டான் பெக்குக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சத்தம் கேட்டு அவனே காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான். "யோவ் நெவில், சண்டை முடிஞ்சு அம்பது வருஷம் ஆச்சுய்யா, உனக்கு யாரும் சொல்லலையா?" என்றான். அவன் மனைவி மொரீன் எட்டிப் பார்த்து, "சங்கிலி மாட்டின குளியல் தொட்டி மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 13, சனிக்கிழமை, ஆல்டர்ஃபென் பழைய வாகனத் திருவிழா. படிவம் இணைத்திருக்கிறேன். "பிரென் கேரியர், 1943, நாலு டன், சங்கிலியில் ஓடுவது, கூரை கிடையாது" என்று விவரம் எழுதிவிட்டேன். வண்டி உன் பெயரில் பதிவாகியிருப்பதால் பதிவுதாரர் கையெழுத்து நீ போட வேண்டும். கீழே இன்னொரு இடமும் இருக்கிறது. ஓட்டுநர் உடல் தகுதியுடன் இருக்கிறார் என்று பதிவுதாரர் உறுதி சொல்லும் இடம். போன வருடம் யாரோ ஒரு கிழவர் தேநீர்க் கூடாரத்துக்குள் கவச வண்டியை விட்டதால் இந்த ஏற்பாடாம்.

இன்னொரு உதவி. கேரியரின் கையேடு உன் பெட்டிகளோடு வடக்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிதிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல். என்னுடையவை நெருக்கமாக இருப்பதாகப் படுகிறது. இப்போதைக்கு பிரேக் மிதியின் மேல் ஒரு இரும்புக் கட்டையைப் பற்றவைத்திருக்கிறேன், காலுக்குத் தெரியட்டும் என்று. அந்த வேலையில் ஒரு பொறி ஷூவுக்குள் விழுந்து குதிகாலைச் சுட்டிருக்கிறது. மாலையில் காலுறை ஒட்டிக்கொண்டு வராதபோதுதான் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி இடித்து வாசல் கம்பம் ஒன்றும் சாய்ந்துவிட்டது. அது ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது.

நெவில்


ஆபர்டீன்
9 மே 1996

அன்புள்ள நெவில்,

கேரியர் ஓடுவது குறித்து மகிழ்ச்சி. உண்மையாகவே.

நீ கேட்ட பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது உனக்குத் தேவைப்படாது. உன் மிதிகள் நெருக்கமாக இல்லை. அவற்றைப் பொருத்திய அன்று அளந்தவள் நான். வரைபடத்தில் உள்ள அதே இடைவெளி. இத்தனை வருடமாக அது போதும் என்றிருந்த உனக்கு இப்போது ஏன் போதவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷூவுக்குள் பொறி விழுந்தால் மனிதர்கள் துள்ளுவார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார்கள். நீ முன்பு துள்ளியிருக்கிறாய், நான் கேட்டிருக்கிறேன். இம்முறை மாலை வரை தெரியவில்லை என்கிறாய்.

உன் அம்மாவின் காலுக்கு இரண்டு வருடம் நான் மருந்து கட்டினேன். வெந்நீர்ப் புட்டி சுட்டுத் தோல் உரிந்தது அவருக்குத் தெரியாமல் போன நாளிலிருந்து, கால்விரல்களை எடுத்த நாள் வரைக்கும். அவரும் "பெரிதாக ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். உன் இரத்தத்திலும் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இப்போது இல்லை. ஆனால் என் கையெழுத்தைக் கேட்டது நீ.

உன் பாதத்தில் உணர்வு இருக்கிறதா? ஒரு வரியில் பதில் எழுது. படிவம் என் மேசையில் இருக்கிறது.

ஜோசலின்


கட்லர்ஸ் டைக்
13 மே

ஜோசலினுக்கு,

இருக்கிறது. இதோ, ஒரு வரி.

நீ வரைபட நூலகர், மருத்துவர் இல்லை. பழைய வரைபடத்தில் ஒரு கோடு நெளிந்திருந்தால் அங்கே ஆறு ஓடியிருக்கும் என்று சொல்வது உன் தொழில். என் குதிகாலை வைத்து அதைச் செய்யாதே. என் ஷூ தடிமனானது, நான் வேலையில் மும்முரமாக இருந்தேன், அவ்வளவுதான். என் அம்மா எண்பத்தொரு வயதுக் கிழவி. எனக்கு ஐம்பத்திரண்டு.

சண்டைக்கு எழுதவில்லை. திருவிழாச் செயலாளர் திருமதி விண்ட்டர் அன்றைக்குத் தொலைபேசியில் பேசினார். "இந்தத் தடவை ரூலெல்லாம் ரொம்பக் கறார், மிஸ்டர் ராக்கம். சங்கிலி வண்டி ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு ஆள் நடக்கணும். அவங்க கை காட்டாம வண்டி ஒரு அங்குலம் நகரக் கூடாது. வேற யாரு கை காட்டினாலும் கண்டுக்காதீங்க, ராணியே வந்து காட்டினாலும் சரி." இதில் புதிதாக என்ன இருக்கிறது? நாம் எப்போதும் அப்படித்தான் செய்தோம். கொட்டகையிலிருந்து அதை இழுத்து வெளியே எடுத்த நாட்களில் நீ காட்டாமல் நான் ஸ்டீயரிங்கைக்கூடத் தொட்டதில்லை.

கையெழுத்தை அனுப்பு.

நெ.


ஆபர்டீன்
20 மே 1996

அன்புள்ள நெவில்,

வரைபடத்தில் கோடு நெளிந்த இடங்களில் பெரும்பாலும் ஆறு இருந்திருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு நிமிடம் போதும். ஷூவையும் காலுறையையும் கழற்று. கண்ணை மூடு. ஸ்டான் ஒரு பென்சில் முனையால் உன் வலது பாதத்தின் அடியிலும் விரல்களிலும் பத்து முறை தொடட்டும், இஷ்டப்பட்ட இடைவெளி விட்டு. தொட்டது தெரியும்போதெல்லாம் நீ சொல்ல வேண்டும். எத்தனை சரி என்று எழுது.

இதை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆல்டர்ஃபென்னில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கயிறு என்பது வெறும் கயிறு.

ஜோசலின்


கட்லர்ஸ் டைக்
27 மே

ஜோசலினுக்கு,

எட்டு. பத்துக்கு எட்டு.

உன் சோதனையால் என் மானம் போனதுதான் மிச்சம். கொட்டகை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன், ஸ்டான் மண்டியிட்டான். "காலைக் கழுவிட்டு வந்திருக்கலாம்ல? பென்சில் பாவம்." மொரீன் தேநீரோடு வந்தவள் இந்தக் காட்சியைப் பார்த்து, "நான் அப்புறமா வரேன், நீங்க நடத்துங்க" என்று திரும்பினாள். சாயங்காலத்துக்குள் மதுக்கடை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. "நெவில், பூட்ஸ் அளவு எடுத்தாச்சா?" என்று ஒவ்வொருவனும் கேட்டான்.

போதுமா?

நீ இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் அவர் எழுதுவார். எழுதினால் உரிமம் போகும். உரிமம் போனால் வேன் போகும். நான் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், அவை வயலில்தான் நின்றுபோகின்றன, என் வாசலில் வந்து நிற்பதில்லை. இங்கே பேருந்து வியாழக்கிழமை மட்டும்தான், அது உனக்கு மறந்திருக்காது. அதற்காகத்தானே வடக்கே போனாய்.

கடைசி வரியை அடித்துவிட்டு வேறு காகிதத்தில் எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஸ்டான் அன்று தன் டிராக்டரை ஓட்டுகிறான். எனக்கு முன்னால் நடக்க ஆள் தேட வேண்டும்.

நெவில்


ஆபர்டீன்
6 ஜூன் 1996

அன்புள்ள நெவில்,

நான் பேருந்துக்காக வடக்கே வரவில்லை. உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், நீ பதில் சொல்லாமல் கொட்டகைக்குப் போனாய். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

எட்டு என்ற எண்ணை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து என்று எழுதியிருந்தால் பொய் என்று உடனே முடிவு செய்திருப்பேன். ஐந்து என்றால் நம்பியிருப்பேன். எட்டு என்பது யோசித்து எழுதிய எண்ணாகப் படுகிறது. தவறாக இருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன்.

மேலே பதிவுதாரர் இடத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். இடாவிட்டால் நீ வண்டியை வயல் பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பாய், முன்னால் யாரும் இல்லாமல். அது இதைவிட மோசம். கீழே, உடல் தகுதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை அன்று காலையில், உன் காலைப் பார்த்த பிறகு, அங்கேயே போடுவேன். அல்லது போடமாட்டேன்.

முன்னால் நடக்க ஆள் தேடாதே. நான் வருகிறேன்.

ஜோசலின்


கட்லர்ஸ் டைக்
11 ஜூன்

ஜோஸ்,

வருகிறாய் என்றதும் மொரீன் மாடி அறைக்குப் புதுத் திரை தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வேண்டாமென்றேன். "உனக்காகவா தைக்கிறேன்?" என்று கேட்டுவிட்டாள்.

கை அடையாளங்கள் நினைவிருக்கிறதா? இரண்டு கையையும் உன்னை நோக்கி அசைத்தால் வா. ஒரு கையை நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பு. தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நில். கழுத்தில் விரலை இழுத்தால் இயந்திரத்தை அணை.

நீ எதற்காக வருகிறாய் என்பது தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி எழுதமாட்டேன்.

நெவில்


ஆபர்டீன்
8 ஜூலை 1996

அன்புள்ள நெவில்,

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், இரவு யார்க்கில் தங்கி, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திடலில் இருப்பேன்.

இங்கே ஒரு மருத்துவரிடம் பேசினேன், உன் பெயர் சொல்லாமல். பாதத்தில் உணர்வு போனாலும் காலின் தசைகள் வேலை செய்யும் என்றார். ஆகவே மிதியை அழுத்த முடியும், பலமாகவே அழுத்த முடியும். எதை அழுத்துகிறோம் என்பதுதான் தெரியாது. காரில் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். கேரியரில் மிதிகள் இருட்டுக்குள் இருக்கின்றன.

எடின்பரோவிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். அவர் போன பிறகுதான், நான் பதிலே சொல்லவில்லை என்பது தெரிந்தது. இரண்டு வாரமாக இப்படி இருக்கிறேன். இதை உன்னிடம் குறையாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, எல்லாவற்றுக்கும் முன், காலுறையைக் கழற்றிக் காட்டு.

ஜோசலின்


கட்லர்ஸ் டைக்
15 ஜூலை

ஜோசலின்,

நீ மாடி அறையில் தங்காமல் அன்று மாலையே ரயிலேறியது நல்லதுதான். நான் பேசியிருந்தால் எழுத முடியாத வார்த்தைகளாக இருந்திருக்கும்.

உன் ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானது என் தவறு இல்லை. நீ திடலுக்குள் ஓடி வந்தபோது எங்கள் வரிசை கிளம்பிவிட்டது. காலுறையைக் கழற்றும் நேரமா அது? திருமதி விண்ட்டர் படிவத்தைப் பார்க்கக்கூட இல்லை, பெயரைக் கூப்பிட்டார், கிளம்பச் சொன்னார். நீ முன்னால் போய் நின்றாய், கையை அசைத்தாய். ஒப்புக்கொண்டாய் என்றுதானே நினைப்பேன்?

முந்நூறு கஜம். மாட்டுக் கொட்டகை, தேநீர்க் கூடாரம், கயிறு. உன் கையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் ஜோஸ், அந்த முந்நூறு கஜத்துக்காக. வண்டிகளைக் காட்டும் வட்டத்தின் வாசலுக்கு வந்தோம். ஒலிபெருக்கியில் என் பெயர் சொல்கிறான். நீ திரும்பி என்னைப் பார்த்து, தலைக்கு மேல் கையைக் குறுக்காகப் பிடித்தாய். பிடித்தபடியே நின்றாய்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒலிபெருக்கிக்காரன், "என்னம்மா, வீட்டுச் சண்டையை வீட்லயே முடிச்சிட்டு வரக் கூடாதா?" என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. எனக்குப் பின்னால் நின்ற பெரிய இழுவை லாரிக்காரன் பொறுமையில்லாமல் இயந்திரத்தை உறும விடுகிறான், எனக்குத் தலை வெடிக்கிறது. நீ கையை இறக்கி விரலைக் கழுத்தில் இழுத்தாய். நான் அணைத்தேன். ஸ்டான்தான் கேரியரை ஓரம் கட்டினான், அவனுக்கு அந்த ஸ்டீயரிங் பிடிபடாமல் பூச்செடித் தொட்டி ஒன்றை உடைத்தான், அதற்கும் சிரித்தார்கள்.

உன் கை காட்டாமல் நான் நகரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் எனக்கு எதிராகப் பயன்படுத்தினாய்.

வண்டியை வேறு பெயருக்கு மாற்ற வேண்டும். தாள்களை அனுப்புகிறேன்.

நெவில் ராக்கம்


ஆபர்டீன்
19 ஜூலை 1996

அன்புள்ள நெவில்,

தாள்கள் வந்தால் கையெழுத்திடுகிறேன்.

அதற்கு முன் நான் பார்த்ததை எழுத வேண்டும். உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

வரிசை கிளம்பிவிட்டிருந்தபோது நான் முன்னால் போய் நின்றது ஒப்புக்கொண்டதால் அல்ல. வேறு யாரோ ஒரு சிறுமி கொடியோடு அங்கே நிற்கப் போனாள். அவளை நகர்த்திவிட்டு நின்றேன்.

வழியில் மூன்று முறை 'நில்' காட்டினேன். மாட்டுக் கொட்டகை அருகே, கை காட்டிய பிறகும் நீ ஒரு கஜம் ஓடித்தான் நின்றாய். தேநீர்க் கூடாரத்தின் அருகே இரண்டு கஜம். மூன்றாவது முறை முன்தகடு என் கோட்டைத் தொட்டது. நீ ஒவ்வொரு முறையும் உடனே நின்றுவிட்டதாக நினைத்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாய்.

வாசலில் நான் திரும்பிக் கையைக் குறுக்காகப் பிடித்ததும் நீ நின்றாய். நின்ற பிறகு இயந்திரம் உறும ஆரம்பித்தது. நான் உன் கண்ணைப் பார்த்தேன். "பிரேக்லதான் இருக்கேன்! பிரேக்லதான் இருக்கேன், ஜோஸ்!" என்று நீ கத்தினாய்.

நெவில், உனக்குப் பின்னால் இருந்த லாரி அணைந்துதான் நின்றது. அதன் ஓட்டுநர் கீழே இறங்கிச் சக்கரத்தில் சாய்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசலில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்றே ஒன்றுதான்.

நான் தைரியமாக நின்றேன் என்று ஸ்டான் யாரிடமோ சொன்னதாக மொரீன் எழுதியிருக்கிறாள். அப்படி இல்லை. ஒதுங்கத்தான் நினைத்தேன். கையை இறக்கினால் நீ அதை 'வா' என்று எடுத்துக்கொள்வாயோ என்ற பயத்தில் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த இரண்டு நிமிடமும் நான் நினைத்தது இதுதான்: கிளட்ச்சைப் பிடித்திருக்கும் உன் இடது காலாவது நன்றாக இருக்க வேண்டும், அது நழுவினால் வண்டி என் மேல் பாயும்.

உன்னைப் பலர் முன்னால் அப்படி உட்கார வைத்ததற்கு வருந்துகிறேன். மறுபடியும் அதையே செய்வேன்.

ஜோசலின்


கட்லர்ஸ் டைக்
1 ஆகஸ்ட்

ஜோஸ்,

உன் கடிதத்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். பிறகு ஸ்டானிடம் போய், லாரி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "இல்லப்பா. அது நீதான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான்.

பென்சில் விஷயம். எட்டு இல்லை, இரண்டு. அந்த இரண்டும் தொட்டது தெரிந்து சொன்னதில்லை. குனியும்போது ஸ்டானின் சட்டைக்கை உரசும் சத்தத்தை வைத்துச் சொன்னேன். எட்டு என்று எழுதியது நான், அவனைக் குறை சொல்லாதே. அவன் அன்றைக்கே, "ஜோசலின்கிட்ட பொய் சொல்லாதடா, அவ கண்டுபிடிச்சிருவா" என்றான்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன், மொரீன் ஓட்டிக்கொண்டு போனாள். அவர் பென்சில் எல்லாம் எடுக்கவில்லை, ஒரு நைலான் இழை வைத்திருக்கிறார். வலது பாதத்தில் கணுக்கால் வரை ஒன்றும் இல்லை. இடது பாதத்தில் குதிகாலில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. விரல்களிலும் நடுப்பாதத்திலும் இல்லை. கிளட்ச்சை எதால் மிதிப்பீர்கள் என்று கேட்டார். மேலும் ஏதேதோ சொன்னார், ஷூ, மாத்திரை, தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது. என் காதில் விழவில்லை. நான் உன் கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் மாற்றும் தாள்களை அனுப்பவில்லை. வண்டி உன் பெயரிலேயே இருக்கட்டும்.

உரிமத்தை உறையில் போட்டு, அலுவலகத்துக்கு நானே கடிதமும் எழுதினேன். ஸ்டான், "கொண்டா, நான் போட்டுட்டு வரேன், போற வழிதானே" என்றான். நான் தரவில்லை. வேனை எடுக்காமல் கால்வாய்க் கரையோடு நடந்தேன். தபால்பெட்டி ஒன்றரை மைல். அந்த வழியில் சின்ன வயதிலிருந்து நடக்கிறேன், நாரைகளைப் பார்த்துக்கொண்டு. இன்று ஒரு நாரையையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பார்க்காமல் ஓர் அடி வைத்துப் பார்த்தேன். வைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை.

நெவில்